பிளேட் கெரியர்: எதை முதலில் சேர்ப்பது?

2024 ஜூலை 6

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி:

"அண்ணே, பாரம் போட்டு மலை ஏறிப் பழக ஒரு பிளேட் கெரியர், அதாவது நெஞ்சிலும் முதுகிலும் தகடு வைக்கிற ஜாக்கெட், சேர்க்கப் போகிறேன். அதில் மாட்டுகிற சின்னப் பைகள், பவுச் எல்லாம் மலிவாகக் கிடைக்கிறது. அவற்றை வாங்கி வைத்துவிட்டு ஜாக்கெட்டைப் பிறகு பார்க்கலாம் என்று யோசனை. மொடியுலர் என்றால் எந்த வரிசையிலும் சேர்க்கலாம்தானே?"

2024 ஜூலை 6, இரவு

சேர்க்கலாம். எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவர் வீடு கட்டப் போகிறேன் என்று கூரைத் தகரத்தை முதலில் வாங்கினார். எட்டு வருஷமாக அது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறது.

முதலில் தகடு. தகட்டின் அளவுக்குத்தான் பை, பையின் அகலத்துக்குத்தான் முன்னால் வரும் பட்டிகள், அந்தப் பட்டிகளில் எத்தனை கட்டம் இருக்கிறதோ அதற்குத்தான் பவுச். தகட்டுக்கும் முன்னால் உன் நெஞ்சு. கண்ணாடி முன்னால் நில். இரண்டு காறை எலும்பும் சேருகிற இடத்தில், கழுத்தடியில் ஒரு குழி இருக்கும். தகட்டின் மேல் விளிம்பு அங்கே நிற்க வேண்டும். அங்கிருந்து தொப்புளுக்கு இரண்டு மூன்று விரல் மேலே வரை உயரம். அகலத்துக்கு, ஒரு காம்பிலிருந்து மறு காம்பு வரை. பட்டாளத்துத் தகடு இதயத்தையும் அதிலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாய்களையும் மூடத்தான் வந்தது, தொந்தியை மூட அல்ல. வயிறு வரை தொங்கவிட்டுக்கொண்டு படம் பிடித்துப் போடுகிறவர்களைப் பார்த்துப் பழகாதே.

அமெரிக்கப் படையின் தகட்டில் நடுத்தர அளவு ஒன்பதரைக்குப் பன்னிரண்டரை அங்குலம். வெளியில் அதிகம் புழங்குவது பத்துக்குப் பன்னிரண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பைக்குள் போட்டால் ஒன்று ஆடும், மற்றது நுழையாது.

2024 ஜூலை 7

நேற்று எழுதியதில் பெரிய ஓட்டை. தகடு தகடு என்று எழுதிவிட்டு என்ன தகடு என்று சொல்லவில்லை.

நான் பேசுவது பாரத்துக்குப் போடுகிற இரும்பு. குண்டு தடுக்கிற தகடு வேறு சாமான். அதைத் தருவிக்கிற எண்ணம் யாருக்காவது இருந்தால் என்னிடம் கேட்காதீர்கள், பாதுகாப்பு அமைச்சில் கேளுங்கள்.

ஆனாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை. முன்னால் பீங்கான் மாதிரி ஒரு கடினமான அடுக்கு, அலுமினாவோ சிலிக்கன் கார்பைடோ போரன் கார்பைடோ. குண்டின் மூக்கை அது உடைக்கும், தானும் உடையும். உடைந்த துகள்களைப் பின்னால் இருக்கும் பொலிஎத்திலீன் நார் அடுக்கு பிடித்துக்கொள்ளும். கீழே போட்டால் வெளியில் தெரியாத விரிசல் விழலாம் என்று அவ்வளவு பயப்படுவது இதனால்தான். கடினமாக்கிய இரும்புத் தகடும் உண்டு. அதில் குண்டு சிதறி, துகள்கள் தாடைக்கும் கைக்கும் பாயும். எந்தத் தகடு எந்தக் குண்டைத் தாங்கும் என்று அமெரிக்கத் தரத்தின் மூன்றாம் நிலை, நாலாம் நிலையைச் சொல்லி இன்னும் சண்டை போடுகிறவர்களுக்கு: அந்தத் தரத்தை 2023 நவம்பரில் புதுப்பித்துவிட்டார்கள். இப்போது கைத்துப்பாக்கிக்கு எச்ஜி 1, 2. ரைஃபிளுக்கு ஆர்எஃப் 1, 2, 3.

என்னுடையது நான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில் கிடைத்த 6 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல். 25க்கு 30 சென்டிமீட்டரில் ஒரு துண்டு மூன்றரைக் கிலோ வரும். மேல் மூலை இரண்டையும் சரித்து வெட்டினால் 3.2. முன்னும் பின்னும் சேர்த்து ஆறரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. விளிம்பை அரம் போட்டு மழுக்காமல் விட்டால் இரண்டே வாரத்தில் துணியை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

2024 ஜூலை 7, பின்னேரம்

"அதுவும் கொஞ்சமாவது தடுக்கும்தானே அண்ணே?"

தடுக்காது. மைல்ட் ஸ்டீல் கதவுக்கு ஆகும்.

2024 ஜூலை 14

துணி வந்துவிட்டது. கட்டுநாயக்காவில் கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் அக்கா, கொழும்பு புறக்கோட்டையில் தேடி, 500 டெனியர் நைலோன் இரண்டு மீட்டர் வாங்கி அனுப்பினார். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் நிறுக்கிறதோ அதுதான் டெனியர். 1000 டெனியர் இன்னும் தடிப்பு. அதைத்தான் கேட்டேன். "உன் மெஷினுக்கு அது தாங்காது, ஊசிதான் உடையும்" என்று அக்கா மறுத்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் ஜூக்கி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்வதுதான்.

பார்சலைப் பிரிக்கும்போது அம்மா என்னவென்று கேட்டார். கெரியர் தைக்கப் போகிறேன் என்றேன். "துணியிலா? எத்தனை அடுக்கு?" என்றார்.

சோற்றுக் கெரியர் இல்லையம்மா என்று விளக்க அரைமணி நேரம் போனது. பிறகு யோசித்துப் பார்த்தால், மொடியுலர் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்கும் தெரியவில்லை. சோற்றுக்கு ஒரு அடுக்கு, கறிக்கு ஒரு அடுக்கு, வேண்டாத அடுக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் எல்லா அடுக்கும் ஒரே வாய் அகலம். அது பிசகினால் ஒன்றும் பூட்டாது.

(இந்த வரியை நினைவில் வையுங்கள். ஆகஸ்ட் மாதம் எனக்கே தேவைப்படும் என்று அப்போது தெரியாது.)

2024 ஜூலை 28

முன் பையும் பின் பையும் முடிந்தன. 18ஆம் நம்பர் ஊசி, ஒட்டு நைலோன் நூல். வீட்டில் இருப்பது காலால் மிதிக்கிற பழைய சிங்கர். மூன்று மடிப்பு வரை முனகாமல் தைத்தது. நாலாவதில் ஊசி போனது. ஐந்தாவதில் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்கினேன். தோள்பட்டி பையில் சேரும் இடத்தில் ஒரு பெட்டி, அதற்குள் பெருக்கல் குறி. அந்த இடத்தில் மட்டும் சோம்பல்படாதீர்கள், முழுப் பாரமும் அந்த நாலு பெட்டியில்தான் தொங்குகிறது.

பட்டியை வெட்டினால் நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்க வேண்டும். உருகிய நைலோனை விரலால் தட்டி ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். இந்தக் குறிப்பை இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 11

மூன்று ஞாயிற்றுக்கிழமை வீண்.

கெரியரின் முன்னால் குறுக்குக் குறுக்காக ஓடும் பட்டிகளை எல்லாரும் மோலி என்கிறோம். சரியாகச் சொன்னால் மோலி என்பது அமெரிக்கப் படை 1997 வாக்கில் கொண்டுவந்த முழுச் சுமை ஏற்பாட்டின் பெயர், அந்தப் பட்டி வலைக்குப் பெயர் பால்ஸ். பாலில்லை, பால்ஸ். அதன் கணக்கு இதுதான்: பட்டி ஒரு அங்குல அகலம், அடுத்த பட்டிக்கு ஒரு அங்குல இடைவெளி, ஒவ்வொரு பட்டியையும் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தடவை கீழே தைத்துப் பிடிக்க வேண்டும். பவுச்சின் பின்னாலிருக்கும் நாக்கு இந்தக் கட்டங்களுக்குள் கெரியரில் ஒன்று, பவுச்சில் ஒன்று என்று மாறி மாறி நுழைந்து இறங்கும். பாய் பின்னுவது போல.

ஒன்றரை அங்குலம் 38 மில்லிமீட்டர். நான் "கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர்" என்று சோக்குக் கட்டியால் கோடு போட்டேன். ஒரு கட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர்தானே. இரண்டு கட்டப் பவுச் அழகாக ஏறியது. வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தேன். அப்புறம் ஆறு கட்ட முன்பலகையை மாட்டப் பார்த்தால், ஆறு இரண்டு பன்னிரண்டு, கடைசி நாக்கு தன் ஓட்டைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. இழுத்தேன். வளைத்தேன். சவர்க்காரம் தடவிப் பார்த்தேன்.

அம்மா ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, பேசாமல், எட்டு வரிசையையும் பிரித்துத் தந்தார். "பிளேட்டுக்குப் பிளேடுதான் மருந்து" என்று அக்கா தொலைபேசியில் சிரிக்கிறார்.

2024 ஆகஸ்ட் 13

மேலே ஒரு திருத்தம். இரண்டு கட்டப் பவுச் "அழகாக ஏறியது" என்று எழுதியிருந்தேன். அதுவும் தளர்வாகத்தான் நின்றது. அப்போது சந்தோஷத்தில் தெரியவில்லை.

2024 ஆகஸ்ட் 25

போட்டுப் பார்த்தேன். கெரியரும் தகடும் சேர்த்து ஏழரைக் கிலோ. லயத்திலிருந்து மேல் மலை வரை ஏறி இறங்கினேன். இருபது நிமிஷத்தில் இரண்டு தோளும் மரத்துப் போயின. தோள்பட்டிக்குள் தடித்த ஸ்பொஞ்ச் வைத்தால் சரியாகும் என்று நினைத்து வைத்தேன். தோள் அதே வலி, கழுத்துத்தான் புதிதாக உரசியது.

அம்மா 31 வருஷம் கொழுந்து எடுத்தவர். இப்போது பை வந்துவிட்டது, ஆனால் அவர் பழகியது கூடையில், கயிறு உச்சந்தலையில், கூடை முதுகோடு. கொழுந்து நிறைய நிறையப் பாரம் தலையிலிருந்து முதுகெலும்பு வழியாக நேரே கீழே இறங்கும், தோள் சும்மா இருக்கும். மழை நாளில் ஈரக் கொழுந்தோடு அந்தக் கூடை என் கெரியரைப் போல இரண்டு மடங்கு.

"இப்படிக் கொடு" என்று வாங்கிப் போட்டுக்கொண்டார். முற்றத்தில் நாலு எட்டு வைத்தார். குனிந்தார், செடியில் கை வைக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். "எல்லாம் தோளில் தொங்குது. இடுப்பில் ஒன்றுமே இல்லை. முன் தகடு ஆடுது. படங்கு கட்டாமல் மலைக்குப் போன மாதிரி இருக்கு" என்றார்.

படங்கு தெரியாதவர்களுக்கு: கொழுந்து எடுக்கும்போது செடியின் கிளை குத்தாமல், ஈரம் ஏறாமல் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் தடித்த ரெட்டுத் துணி.

கெரியர்காரர்கள் கமர்பண்ட் என்பது இதைத்தான். அந்தச் சொல்லே இடுப்புப் பட்டி என்றுதான் பொருள்படும், பாரசீகத்திலிருந்து இந்தியா வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. செலவு மிச்சம் என்று நான் அதை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஒற்றைப் பட்டி, ஒரு பக்கிள் என்று முடித்திருந்தேன். தம்பி, என் ஜூலை மாத வரிசையைத் திருத்திக்கொள்: தகடு, பை, இடுப்புப் பட்டி. பவுச் பிறகு, வேண்டுமானால்.

2024 செப்டம்பர் 8

இடுப்புப் பட்டி தைத்தாயிற்று. கையளவு அகலம். முதல் தடவை இரும்பாக இறுக்கி, நோர்வூட் பக்கம் ஒரு ஏற்றத்தில் மூச்சு விட முடியாமல் மதகில் உட்கார்ந்தேன். நாலாயிரம் அடிக்கு மேலே குடியிருக்கிறோம், விலா விரிய இடம் வேண்டும். இப்போது இரண்டு பக்கமும் நாலு விரல் அளவு இலாஸ்டிக் சேர்த்திருக்கிறேன். ஆழமாக மூச்சு இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கிளைப் பூட்டுங்கள். மூச்சை விட்டுவிட்டுப் பூட்டினால் அதோ அந்த மதகு.

மழை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நைலோன் தண்ணீர் குடிப்பது குறைவு. உள்ளே வைத்த ஸ்பொஞ்ச் குடம் குடமாகக் குடிக்கும், காயவே காயாது, நாலாம் நாள் பூஞ்சணம். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, குளியலறை மிதியடியாக விற்கிற கண்ணறை ரப்பர் துண்டை வெட்டி வைத்தேன். தண்ணீர் வழிந்து போகிறது, முதுகுக்குக் காற்றும் வருகிறது. பையின் அடியில் இரண்டு துளை போட்டு வளையம் அடிக்க மறக்காதீர்கள். நான் மறந்தேன், தகடு துருப்பிடித்துப் பெனியனில் செம்மண் கறை.

அட்டைப்பூச்சி: பால்ஸ் கட்டம் ஒவ்வொன்றும் அதற்கு ஒரு லயக் காம்பரா. ஒரு நாள் பதினொன்று எடுத்தேன். உப்புத் தண்ணீர்.

2024 செப்டம்பர் 15

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

துணி கறுப்பு. முன்னால் மூன்று பவுச் மாட்டியிருந்தேன், தண்ணீர்ப் போத்தல், மருந்துப் பை, போன். வெள்ளிக்கிழமை விடியற்காலை பெரிய ரோட்டில் ஓடினேன். ஒரே மஞ்சு மூட்டம். பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் கிட்டப் போனதும் எழுந்து, மெதுவாக, என் பக்கம் திரும்பாமலே, கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் கடந்து போகும் வரை வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். ஒரு தமிழ்ப் பையன், நெஞ்சைச் சுற்றிக் கறுப்பு ஜாக்கெட், அதில் பொதி பொதியாக ஏதோ. இந்த நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான் நெடுநாள் இருந்தது. அடையாள அட்டை இல்லாமல் டவுனுக்குப் போகப் பயந்த வருஷங்கள் அம்மாவுக்கு ஞாபகம். எனக்கு ஞாபகம் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பள்ளிக்கூட வாசலில் சின்னப் பிள்ளைகளின் பையைத் திறந்து பார்த்தது. துணி, ஊசி, நூல், மில்லிமீட்டர் எல்லாம் யோசித்தேன், இதை யோசிக்கவில்லை.

அம்மா ஒன்றுதான் சொன்னார்: "இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறாதே."

2024 செப்டம்பர் 17

"அண்ணே, அதிகம் யோசிக்கிறீங்க. வெளிநாட்டில் எல்லாரும் ஜிம்முக்குப் போட்டுக்கொண்டு போகிறார்கள்."

போகிறார்கள்தான். ஒரு மைல் ஓட்டம், 100 புல்அப், 200 தண்டால், 300 உட்கார்ந்து எழும்புதல், மறுபடி ஒரு மைல் என்று பாரத்தோடு செய்கிற மேர்ஃப் என்ற பயிற்சியைப் பார்த்துத்தான் நானே இதில் இறங்கினேன். 2005இல் ஆப்கானிஸ்தானில் இறந்த மேர்ஃபி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயர் அது. அவர் உயிரோடு இருந்தபோது அந்தப் பயிற்சிக்கு வைத்திருந்த பெயர் "உடற்கவசம்". அவருடைய ஊரில் அந்த ஜாக்கெட்டைப் பார்த்தால் அவர் ஞாபகம் வரும். எங்கள் ரோட்டில் அந்தப் பெரியவருக்கு வேறு ஞாபகம் வருகிறது. பட்டாளத்துப் புள்ளித் துணியில் தைக்கலாமா என்று போன வாரம் கேட்டவருக்கும் இதுதான் பதில். தொடாதே.

2024 அக்டோபர் 6

பவுச் மூன்றையும் கழற்றினேன். மேலே ஒரு உறை தைத்தேன், உடைந்த குடையிலிருந்து எடுத்த செம்மஞ்சள் துணியில். மழைக்கும் ஆகும், தூரத்திலிருந்தே ஆளும் தெரியும். பட்டி வலை முழுக்க மறைந்துவிட்டது. மூன்று ஞாயிறு வீணாக்கித் தைத்து, பிரித்து, மறுபடி தைத்த வலை.

இன்று காலை டவுன் பக்கம் ஓடினேன். ஒருவரும் ஒதுங்கவில்லை. ஒரு அக்கா கைதட்டிக் கூப்பிட்டு இரண்டு குப்பைப் பையைக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

2024 டிசம்பர் 29

சிவனொளிபாதமலை. நல்லதண்ணியிலிருந்து, இரவு ஒன்றரைக்கு ஆரம்பம். 2,243 மீட்டர், ஐயாயிரத்துக்கு மேல் படி, ஒன்றுபோல ஒன்று இல்லை.

ஏறும்போது பின் தகடு தெரியவே இல்லை, இடுப்புப் பட்டி முழுவதையும் வாங்கிக்கொண்டது. முன் தகடு மட்டும், படி உயரமாக வரும் இடங்களில் தொடை தூக்கினால் கீழ் விளிம்பில் இடித்தது. ஒரு விரற்கடை மேலே ஏற்றியிருக்க வேண்டும். கழுத்தடிக் குழி என்று ஜூலையில் உங்களுக்குப் பாடம் எடுத்த ஆள்தான் நான். தோள்பட்டி இழுபட்டு இறங்கியிருந்ததைக் கிளம்பும் முன் பார்க்கவில்லை. இறக்கம்தான் மோசம், ஒவ்வொரு படிக்கும் ஏழரைக் கிலோ முழங்காலில் வந்து உட்கார்ந்தது. பாதி வழியில் தேநீர்க் கடையில் முன் தகட்டை உருவி முதுகுப் பக்கம் சொருகப் பார்த்தேன். பைக்குள் இரண்டு தகட்டுக்கு இடமில்லை. கையில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வெறுங்காலோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, "நேர்த்திக்கடனா மகன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது.

2025 ஜனவரி 12

பண்டாரவளைத் தம்பி மறுபடி: "அண்ணே, மொத்தச் செலவு, கடைசியில் என்னென்ன மிச்சம்?"

தகடு வெட்டுக்கூலியோடு 3,200 ரூபாய். துணி, பட்டி, பக்கிள், நூல் எல்லாம் ஏழாயிரத்துக்குப் பக்கம். உடைந்த ஊசி கணக்கில் இல்லை. கெரியரில் இருப்பது இரண்டு பை, தோள்பட்டி, இடுப்புப் பட்டி, செம்மஞ்சள் உறை, அவ்வளவுதான். மருந்துப் பவுச்சை அம்மா எடுத்துக்கொண்டார், வெற்றிலை பாக்கு வைக்க. அதன் நாக்கைப் படங்குக் கயிற்றில் கோர்த்துக் கட்டியிருக்கிறார், கச்சிதமாக நிற்கிறது. போத்தல் பவுச் அக்காவுக்குப் போனது. போன் பவுச் உனக்கு வேண்டுமானால் சொல், அனுப்புகிறேன். ஆனால் முதலில் நெஞ்சை அள.

2025 ஜனவரி 13

காலை ஐந்து மணிக்கு ஓடப் போகலாம் என்று எடுத்தால் கெரியர் ஒரு பக்கம் சாய்கிறது. முன் தகட்டைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டு அம்மாவை எழுப்பினேன்.

ராத்திரி மரநாய் வந்ததாம். தகடு கோழிக்கூட்டுக் கதவில் இருக்கிறது.